நீங்கள் எடுக்காத பால்குடம்

அக்கா,

இன்று காலை கிளினிக்கைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கல்பனா வந்தாள். கம்பெனியில் உங்கள் லைனில் கடைசி ஆளாக நின்றாளே, அதே கல்பனா. இரண்டாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகிறதாம். தும்மினாலும் பிள்ளையைத் தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுச் சுருளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெள்ளைத் துண்டு. இறுக்கமாகச் சுருட்டி, ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரைக்கும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடியபடி, எங்கும் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். ஒயர்க் கட்டுக்குச் சுற்றுவதைப் போய்த் துண்டுக்குச் சுற்ற உங்களுக்குத்தான் தோன்றும்.

கையில் எடுத்தேன். அந்த டேப்பின் வாசனை அப்படியே இருந்தது. கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் விரல்களிலிருந்து வருமே, அதே வாசனை.

"இது யாரு குடுத்தது?" என்றேன்.

"அக்காதான் மேடம். எங்க பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு சுத்திக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் கம்பெனி வேலை எனக்குக் கிடைத்தபோது எனக்கு இருபத்தாறு வயது. தண்டலம் பக்கம் ஃபிசியோதெரபி படிப்பை முடித்துவிட்டு, யாராவது "ஃபிசியோ மேடம்" என்று கூப்பிட்டால் உள்ளுக்குள் பூரித்துப்போகிற நாட்கள். ஒரகடத்தில் உங்கள் கம்பெனிக்குச் செவ்வாயும் வெள்ளியும் வருவேன். முதலுதவி அறையின் ஒரு மூலையில் ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஆண் நர்ஸ் ஒருவர் உட்கார்ந்து மாத்திரை எழுதிக்கொண்டிருப்பார். முதுகுவலி, தோள்வலி, மணிக்கட்டு வலி. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே காருக்கு ஒயர் கட்டுகிற பெண்களுக்கு வேறென்ன வலி வரும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நீங்களும் முதுகுவலி என்றுதான் வந்தீர்கள். பொய். மூன்று தடவை முதுகில் சூடு வைத்துக்கொண்டு போன பிறகுதான் உண்மை வந்தது. அதுவும் நீங்களாகச் சொல்லவில்லை. கேன்டீனில் பார்த்து நான்தான் கண்டுபிடித்தேன். சூப்பர்வைசர் நடக்கிற மாதிரி நடந்து காட்டி மேஜை முழுவதையும் சிரிக்க வைப்பீர்கள். எல்லாரும் சிரித்து உருளும்போது நீங்கள் மட்டும் காலைப் பின்னிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பீர்கள். பஸ்ஸில் எப்போதும் கடைசி சீட்டு. மடியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் மடித்து வைத்த இன்னொரு பேன்ட். வேகத்தடை வருவதற்கு முன்னாலேயே முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு லேசாக எழும்புவீர்கள். கசிவுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காததால் தலைவலி. தலைவலிக்கு ஒரு மாத்திரை.

"எத்தினி வருஷமா அக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது பொண்ணு பொறந்ததுலேர்ந்து கீது. அதுக்கு இப்போ பதினாறு வயசு. இதுக்கெல்லாமா டாக்டருகிட்ட போவாங்க பாப்பா? பொம்பளைன்னா இருக்கும்னு வுட்டுட்டேன்."

"இப்போ ஏன் வந்தீங்க?"

அப்போதுதான் பால்குடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்தச் சின்ன மகளுக்குப் பத்து வயதில் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் ஆடியில் பால்குடம் எடுக்கிறேன் என்று சேரப்பணஞ்சேரியில் உங்கள் தெருக்கோடி அம்மனுக்கு வேண்டிக்கொண்டீர்கள். பிள்ளை பிழைத்து, வளர்ந்து, பத்தாவதும் பாஸ் பண்ணிவிட்டாள். பால்குடம் மட்டும் எடுக்கவில்லை. தலையில் பாரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன்: "எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு ஈரப் புடவையோடதானே நடப்பாங்க? யாருக்கு அக்கா தெரியப்போகுது?"

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அம்மனுக்குத் தெரியாதா பாப்பா?"

மற்றவர்கள் முன்னால் நான் உங்களுக்கு மேடம், திரைக்குள் பாப்பா. அந்தப் பாப்பா அன்றைக்கு உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். இப்போது சித்திரை, மூன்று மாதம் பயிற்சி செய்தால் ஆடிக்குப் பால்குடம் எடுக்கலாம் என்றாள். வாக்கில் தப்பில்லை. இடுப்பெலும்புக்கு அடியில் தூளித் துணி மாதிரி கட்டியிருக்கிற தசை பிரசவத்தில் தொய்ந்துபோகிறது. அதற்குப் பயிற்சி கொடுத்தால் பலருக்கு மூன்று மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். ஆனால் சரியாகச் செய்ய வேண்டும். அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் இருக்கிறார் என்று குரலைத் தாழ்த்தி, பாதி சைகையில், பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்தேன். கீழே இறுக்கிப் பிடியுங்கள், பத்து எண்ணுங்கள், விடுங்கள், ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஜெராக்ஸ் எடுத்த தாள் ஒன்றைக் கொடுத்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது அக்கா. கல்லூரியில் இதைப் பிளாஸ்டிக் இடுப்பெலும்பை வைத்துப் படித்தவள் நான். பிளாஸ்டிக்குக்கு வெட்கம் கிடையாது.

நீங்கள் எழுந்து போகும்போது திரையைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கேட்டீர்கள். "சரியா பண்றேனான்னு ஒரு தபா பாக்குறியா பாப்பா?"

நான் சொன்னேன்: "வேணாம்க்கா. சரியாத்தான் இருக்கும்."

இந்த மூன்று வருஷத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் அதுதான். நீங்கள் கேட்டீர்கள். கூச்சத்தை விட்டு, என்னைவிட இருபது வயது பெரியவர், நீங்களாகவே கேட்டீர்கள். கையுறைப் பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நர்ஸை டீ குடிக்க அனுப்பியிருந்தால் போதும்.

வைகாசி பாதியில் உங்கள் லைனுக்குள் வந்தேன். ஒயர்ப் பலகைகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு போர்டு போய் அடுத்த போர்டு வரும்போது மணி அடிக்கும். மணி அடித்ததும் நீங்கள் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள். அவள் அதற்கடுத்தவளைப் பார்த்தாள். எல்லாரும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கைகள் ஓடத் தொடங்கின.

"இன்னாக்கா இது?"

"போர்டு மாறும்போதெல்லாம் ஒரு தபா. தாளைப் பார்த்து எண்ணிகினு இருக்க யாருக்கு நேரம் கீது? பன்னெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். எல்லாத்துக்கும் இந்தத் தொல்லை கீது பாப்பா, ஒருத்தியும் வாயத் தொறக்கல. நான் தொறந்தேன், எல்லாம் தொறந்துட்டாளுங்க."

ஒரு நாளைக்கு முப்பது தடவை என்று நான் சொன்னது ஒரு ஷிஃப்டுக்குச் சில நூறு தடவை ஆகியிருந்தது. அதுவே அதிகம் என்று அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? நேராக எச்.ஆர். மேனேஜரிடம் போய்ப் பெருமையடித்தேன். அவர் பூரித்துப்போய் போட்டோ எடுக்கச் சொன்னார். நீலச் சட்டையில் நீங்கள் பதின்மூன்று பேர், நடுவில் வெள்ளைக் கோட்டோடு நான். கேன்டீன் வாசலில் பல நாள் ஒட்டியிருந்தது. அந்தப் போட்டோவை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

ஆடிக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்தீர்கள். "கொஞ்சம் ஜாஸ்தி ஆன மாதிரி கீதே பாப்பா?" என்றீர்கள். அப்போதாவது பார்த்திருக்கலாம். அவசரப்படாதீர்கள், பத்துக்குப் பதில் பதினைந்து எண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

பால்குடத்தன்று நடந்ததை அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கள் சொன்னீர்கள். அழவில்லை. வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னீர்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, குளித்து, பம்பைக்காரர்கள் வந்து வரிசையும் நின்றாகிவிட்டது. பூசாரி குடத்தைத் தலையில் ஏற்றினார். ஏற்றின நொடியே கசிந்துவிட்டது. சொட்டு இல்லை, கால் வழியாக ஓடியது. பம்பைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. நீங்கள் குடத்தை இறக்கி மகள் தலையில் வைத்துவிட்டு, மயக்கம் வருகிறது என்று சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள்.

"எடுத்தது அவ. வேண்டிக்கினது நானு. எப்படி சரியாவும்?"

அன்றைக்குத்தான் நர்ஸை வெளியே அனுப்பினேன். கதவைத் தாழிட்டேன். உங்களிடம் கேட்டுவிட்டு, கையுறை போட்டு, கை வைத்துப் பார்த்தேன். "இறுக்குங்க அக்கா" என்றேன். மேலே ஏற வேண்டிய தசை என் விரலைக் கீழே தள்ளியது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன். இன்னும் பலமாகத் தள்ளியது. மூச்சைப் பிடித்து, முகம் சிவந்து, முழு நம்பிக்கையோடு நீங்கள் கீழே முக்கிக்கொண்டிருந்தீர்கள். தொய்ந்த தூளியை மணி அடிக்கும்போதெல்லாம் மேலிருந்து அழுத்தினால் அது இன்னும் தொய்யாமல் என்ன செய்யும்?

"ஏன் அக்கா இப்படி முக்குறீங்க?" என்றேன்.

"நீதான பாப்பா கீழ பலத்தக் குடுக்கச் சொன்ன? அந்த எடத்தப் பத்தி என்கிட்ட யாருனா பேசினதே ரெண்டு பிரசவத்துலதான். 'முக்கும்மா, முக்கு, இன்னும் முக்கு'ன்னு தொடையில அடிச்சாங்க. அங்க பண்ணத் தெரிஞ்சது எனக்கு அது ஒண்ணுதான்."

எவ்வளவு நியாயமான பதில். அந்த இடத்தில் என் வாயில் வந்திருக்க வேண்டிய வார்த்தை ஒன்றுதான். என் தப்பு அக்கா, நீங்க பார்க்கச் சொன்னப்போ நான் பார்க்கலை. அது வரவில்லை. எச்.ஆர். மேனேஜர், கேன்டீன் வாசல் போட்டோ, வருஷக் கடைசியில் என் கான்ட்ராக்ட், எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றன. நான் சொன்னது இதுதான்:

"நீங்க தப்பா பண்ணிட்டீங்க அக்கா."

உங்கள் முகம் மாறியது. பால்குடத்துக்குக்கூட வராத கண்ணீர் அப்போது வந்தது. "ஐயோ, அப்போ அந்தப் பொண்ணுங்க? பன்னெண்டு பேருக்கும் நானு தப்பா சொல்லிக் குடுத்துட்டேனா?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "நான் பார்த்துக்கிறேன்" என்றீர்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு துண்டைச் சுருட்டி நாற்காலியில் வைத்து அதன்மேல் உட்கார வைத்தேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, காற்றையும் சிறுநீரையும் சேர்த்து அடக்குகிற மாதிரி உள்ளே மேலே இழுக்க வேண்டும். அந்த இடம் துண்டைவிட்டு எழும்பினால் சரி, துண்டில் அழுந்தினால் தப்பு. பின்பக்கத்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. முதல் வாரம் உங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. இரண்டாவது வாரம் திடீரென்று கண்ணை அகல விரித்து, "ஏ பாப்பா, எழும்புது!" என்று கத்தினீர்கள். நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன ஆச்சு மேடம் என்று கேட்டார். நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நீங்கள் அன்று கால்களைப் பின்னவில்லை, சிரிக்கும் முன்னால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டீர்கள். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்: இருமலோ சிரிப்போ வருவதற்கு ஒரு நொடி முன்னால், பாரம் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால்.

கார்த்திகையில் பஸ்ஸில் நடு சீட்டுக்கு வந்தீர்கள். பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் காலி தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டி, "முழுசும் குடிச்சிட்டேன், இன்னும் பேன்ட் மாத்தல" என்றீர்கள். மஞ்சப்பையில் மாற்று பேன்ட்டுக்குப் பதிலாகக் கடலை உருண்டை இருந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தீர்கள்.

"இந்த ஆடிக்கு நானே எடுத்துருவேன் பாப்பா. நீயும் வா."

வருகிறேன் என்றேன். மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்கு வரும்போது, பஸ்ஸில் நடு சீட்டு காலியாக இருந்ததைப் பார்த்து, இன்றைக்கு லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். நர்ஸ்தான் சொன்னார்.

நான் வீட்டுக்கு வரவில்லை. காரியத்துக்கும் வரவில்லை. நான் இருக்கிற படப்பையிலிருந்து சேரப்பணஞ்சேரி எவ்வளவு தூரம், ஷேர் ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். உங்கள் மகள் தலையில் அந்தக் குடத்தை வைத்தது நான்தான் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நான் வாக்குக் கொடுத்தபோது உங்களுக்கு ஒரே ஓர் ஆடிதான் மிச்சம் இருந்தது அக்கா. அது எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெரியாதது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

பிறகு அந்த வேலையை விட்டேன். படப்பையில் மருந்துக் கடைக்கு மேல் இந்த அறையை எடுத்தேன். செங்கல் சுவர், மரக்கதவு, உள்தாழ்ப்பாள். திரை கிடையாது.

இன்று காலை இந்த அறையில்தான் கல்பனா அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னாள். ஆவணியில் ஒரு நாள் நீங்கள் அவர்கள் பன்னிரண்டு பேரையும் கேன்டீனுக்குப் பின்னால் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு சுருளைக் கையில் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டீர்களாம்.

"'மேடம் சரியாத்தாண்டி சொல்லிக் குடுத்துச்சு, நான்தான் தப்பா புரிஞ்சிகினு உங்களையும் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க'ன்னாங்க மேடம். எங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேருக்கு ஜாஸ்தியாதான் ஆயிருந்துச்சு, ஆனா யாரும் காட்டிக்கல. அப்புறம் ஒவ்வொருத்தியா பாத்ரூமுக்குக் கூட்டிகினு போயி, துண்டு மேல உக்கார வச்சு, எழும்புதா எழும்புதான்னு கேட்டுக் கேட்டுச் சொல்லிக் குடுத்தாங்க. சாவுறதுக்கு முந்தின வாரம்கூட என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க."

பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். நான் உங்கள் ஒருவருக்குச் செய்யாததை நீங்கள் பன்னிரண்டு பேருக்குச் செய்திருக்கிறீர்கள். என் பெயருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டு செய்திருக்கிறீர்கள்.

கல்பனாவிடம் சொன்னேன். முதல் தடவையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். "அது அக்கா தப்பு இல்ல கல்பனா. சரியா பண்றேனான்னு பாருன்னு அவங்க என்கிட்ட கேட்டாங்க. நான்தான் பார்க்கலை. அப்புறம் தெரிஞ்சப்பவும் பழிய அவங்க மேலயே போட்டுட்டேன்."

கோபம்கூட இல்லை அவள் குரலில்.

"இத அவங்க உசுரோட கீறப்போ சொல்லியிருக்கலாமே மேடம்."

சொல்லியிருக்கலாம். ஆவணியிலிருந்து மாசி வரைக்கும் வாரத்துக்கு இரண்டு நாள் உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். கடலை உருண்டை தின்றேன்.

லைனில் மற்றவர்களிடம் இதைச் சொல்லிவிடு என்று கல்பனாவிடம் கேட்டுக்கொண்டேன். "நான் சொல்ல மாட்டேன், நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்குக் கம்பெனி வாசலில் நிற்கப்போகிறேன். அதற்கடுத்த நாள் சேரப்பணஞ்சேரிக்கு, உங்கள் மகளிடம். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

அந்தத் துண்டை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குக் கல்பனா கொடுக்கவில்லை. "இது அக்கா எனக்குச் சுத்தினது" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நியாயம்தான். எனக்கென்று நீங்கள் எதுவும் சுற்றித் தரவில்லை. நீங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்தப் பெண் வந்தாலும் அவளாகக் கேட்கும் வரை நான் காத்திருப்பதில்லை. வெட்கத்தோடு வருகிறவளிடமும், அவசரமாகப் போக வேண்டும் என்கிறவளிடமும், எல்லாம் தெரியும் என்கிறவளிடமும், பார்க்கட்டுமா என்று நானே கேட்டுவிடுகிறேன். இன்று கல்பனாவிடமும் கேட்டேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

எழுந்து போய்க் கதவைத் தாழிடும்போது ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் பின்னாலிருந்து கேட்கிறது. சரியா பண்றேனான்னு ஒரு தபா பாக்குறியா பாப்பா?

பார்க்கிறேன், அக்கா.